பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி இடம்: பெற்றோர் என்ன செய்ய வேண்டும், எப்போது?

ரிசல்ட் வந்த அன்று பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?" மேல்நிலை வகுப்புக்குப் பாடம் எடுப்பவன் என்பதால் மே மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். உடனே பதில் சொல்ல முடியாது. 600-க்கு எவ்வளவு என்ற அந்த மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து இடம் கொடுக்கும் கலந்தாய்வு தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. பொறியியலுக்கு ஒரு கணக்கு, கலை அறிவியலுக்கு ஒரு கணக்கு, மருத்துவத்துக்கு பிளஸ் டூ மார்க்கே கணக்கில் கிடையாது. ஒவ்வொன்றும் தனி வரிசை. தனி விண்ணப்பம், தனித் தேதி, தனித் தரவரிசை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் படிப்பு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். பெற்றோர் கையில் இருக்க வேண்டியவை மூன்று: சான்றிதழ், தேதி, பணம். நான் பார்த்தவரை பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. படிப்பை அப்பா தேர்ந்தெடுக்கிறார், சான்றிதழுக்குப் பிள்ளை இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைகிறது.

ஒரே மார்க், வேறு வேறு வரிசை

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் படித்தவர்கள்.

முதல் மாணவி: தமிழ் 98, ஆங்கிலம் 95, கணிதம் 78, இயற்பியல் 84, வேதியியல் 90, கணினி அறிவியல் 97. மொத்தம் 542.

இரண்டாவது மாணவன்: தமிழ் 80, ஆங்கிலம் 74, கணிதம் 95, இயற்பியல் 90, வேதியியல் 92, கணினி அறிவியல் 88. மொத்தம் 519.

தெருவில் இனிப்பு கொடுப்பது முதல் வீட்டில்தான். ஆனால் பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும்: கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. மாணவிக்கு 78 + 42 + 45 = 165. மாணவனுக்கு 95 + 45 + 46 = 186. இந்த 21 மார்க் வித்தியாசம் தரவரிசையில் பல்லாயிரம் பேரைத் தாண்டிப் போய்விடும்.

அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கேட்டால், மொழிப்பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களைக் கூட்டி 400-க்குப் பார்ப்பார்கள். மாணவிக்கு 349, மாணவனுக்கு 365. அதே கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலப் பாட மதிப்பெண்தான் அளவு. அங்கே மாணவி 95 என்று முன்னால் நிற்பாள், மாணவன் 74 என்று பின்னால் போவான். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண். அங்கேயும் அவள்தான் முன்னால்.

ரிசல்ட் வந்த உடனே ஒரு வெள்ளைத்தாளில் இந்தக் கணக்குகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். எந்த வரிசையில் நம் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மொத்த மார்க்கை ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை.

தேர்வுக்கு முன்பே முடிந்துபோகும் விண்ணப்பங்கள்

ரிசல்ட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கைநழுவிப் போகும் வழிகள் சில உண்டு. நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கும் இடங்கள் எல்லாமே இந்த வகைதான்.

என்.ஐ.டி. வேண்டும் என்றால் ஜே.இ.இ. மெயின். ஐ.ஐ.டி. என்றால் அதில் தேறி ஜே.இ.இ. அட்வான்ஸ்டும் எழுத வேண்டும். மெயின் தேர்வின் முதல் சுற்று ஜனவரியில், இரண்டாம் சுற்று ஏப்ரலில். முதல் சுற்றுக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்து மாணவர்களுக்கு என்பதால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எழுதிப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

மருத்துவத்துக்கு நீட். வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் தேர்வு. விண்ணப்பம் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே வந்து போய்விடும். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியல் ஒருபக்கம் நடக்கட்டும். இந்த ஆண்டு நம் பிள்ளை விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை நாம்தான் இந்த ஆண்டே பார்த்தாக வேண்டும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இதில் சேரும். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க். படிக்க நாட்டா என்ற திறன் தேர்வை எழுத வேண்டும். அந்த மதிப்பெண்ணையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசை போடுவார்கள்.

இவை எல்லாவற்றையும் எழுத வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பக் கட்டணமே கணிசமாக ஆகும், பிள்ளையும் களைத்துப்போகும். பிளஸ் டூ தொடங்கும் ஜூன் மாதமே ஒன்றோ இரண்டோ என்று முடிவு செய்துகொண்டு, அந்தத் தேதிகளை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

சான்றிதழ்கள்: பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்

இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் சான்றிதழ் இருந்தால்தான். மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் ஊரே நிற்கும், இணையதளமும் திணறும். பிப்ரவரியில் இ-சேவை மையத்துக்குப் போனால் வேலை சுலபமாக முடியும். இந்தச் சான்றுகளுக்கு விண்ணப்பிக்க முதலில் கேன் எண் என்று ஒன்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்புறம் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே போகும். எந்த மேசையில் நிற்கிறது என்பதை ஆன்லைனிலேயே பார்க்கலாம்.

சாதிச் சான்றிதழ் பெரும்பாலும் எல்லோரிடமும் இருக்கும். ஆனால் பழைய கையெழுத்துச் சான்று ஒன்றை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு அதுவே போதும் என்று இருப்பவர்கள் உண்டு. டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றாக வாங்கி வைத்துக்கொண்டால் எந்த விண்ணப்பத்திலும் சிக்கல் வராது. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதம், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. மொத்தம் 69. மீதி 31 பொதுப்பிரிவு. அந்த 31-இல் எல்லா சாதியினரும் மதிப்பெண் அடிப்படையில் வரலாம். அது முற்பட்டோருக்கு என்று ஒதுக்கியது என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அது தவறு. பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட பிரிவினருக்கான 10 சதவீதம் மத்திய அரசு நிறுவனங்களில்தான், மாநிலக் கலந்தாய்வில் கிடையாது.

இங்கே ஒரு நுணுக்கம். மாநிலக் கலந்தாய்வில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சான்று ஐ.ஐ.டி.யிலோ நீட் அகில இந்திய ஒதுக்கீட்டிலோ செல்லாது. அங்கே ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று தனியாகக் கேட்பார்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும், கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவில் வராதவர் என்றும் சான்று சொல்ல வேண்டும். போன வருடம் அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்குத் தேதி மாற்றிக் கொடுக்க முடியாது. நடப்பு நிதியாண்டில் வாங்கியதுதான் செல்லும் என்பதால், இதை மட்டும் ஏப்ரல் பிறந்த பிறகு வாங்குங்கள்.

முதல் பட்டதாரிச் சான்று கட்டணத்தைக் கணிசமாகக் குறைப்பது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று வீட்டில் யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அக்கா ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்கு இல்லை. விண்ணப்பிக்கும்போது வீட்டில் மற்றவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். அப்பாவின் ஒன்பதாம் வகுப்பு டி.சி. எங்கே என்று பரணில் தேடும் வேலை இதனால்தான் வரும். அதுவும் பிப்ரவரி வேலைதான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை, மீன்வளப் படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. "அதுவும் அரசு சம்பளம் வாங்குற பள்ளிதானே சார்" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள் விதிவிலக்கு. அவர்கள் தகுதியுடையவர்களே.

பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. பெங்களூரிலோ துபாயிலோ சில வருடம் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தேவை.

கடைசியாகப் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், சாதிச் சான்றில் அப்பா பெயர் முழுசாக, அதிலும் ஆங்கில எழுத்து ஒன்று குறைவு. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்ப மற்றவற்றைத் திருத்துவதுதான் சுலபம்.

பொறியியல் கலந்தாய்வு

தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத்தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் போய்விட்டது. அதற்குப் பிறகு பிளஸ் டூ மார்க்தான். 2018 முதல் முழுக்க ஆன்லைன். முன்பு போல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், பெரிய திரையில் காலி இடம் குறைவதைப் பார்த்துப் பதறும் வேலை இப்போது இல்லை. பதற்றம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பதிவு மே மாதம் தொடங்கும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடி மாணவர்களுக்கு 250. வீட்டில் கணினி இல்லாவிட்டால் மாவட்டந்தோறும் உள்ள சேவை மையத்தில் இலவசமாகவே பதிவு செய்து தருவார்கள். பிரவுசிங் சென்டரில் செய்தால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு, தனக்கு நினைவிருக்கும் பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுவிடுவார். கலந்தாய்வு நேரத்தில் ஓ.டி.பி. அவருக்குப் போகும், கடை பூட்டியிருக்கும். அதைவிட மோசம், உங்கள் பிள்ளையின் விருப்பப் பட்டியலை வேறு ஒருவர் திறக்க முடியும் என்பது. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள், யாருக்கும் சொல்லாதீர்கள். கலந்தாய்வு முடியும்வரை சிம்மையும் மாற்றாதீர்கள்.

பதிவு முடிந்ததும் ரேண்டம் எண் வரும். இதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் நிறைய. இரண்டு பேருக்குக் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதிகூட ஒன்றாகவே இருந்தால் கடைசியாக எடுப்பதுதான் ரேண்டம் எண். அது தேவைப்படும் நிலை மிக அரிது.

அடுத்து சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு தரவரிசைப் பட்டியல். பட்டியல் வந்ததும் பிள்ளையின் மார்க், சாதிப் பிரிவு, முதல் பட்டதாரி, 7.5 சதவீதம் எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் முறையிடச் சில நாள் அவகாசம் தருவார்கள். அந்த நாட்கள் போய்விட்டால் பிறகு யாரிடம் போய் நின்றாலும் கஷ்டம்தான்.

இனிதான் முக்கியமான கட்டம்: விருப்பப் பட்டியல். தரவரிசைப்படி மாணவர்களைச் சுற்றுகளாகப் பிரித்து அழைப்பார்கள். உங்கள் சுற்று வந்ததும் கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவையும் வரிசையாகப் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

கணினி இடம் கொடுக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தரவரிசையில் முதலில் இருப்பவரின் பட்டியலை அது எடுக்கும். முதல் விருப்பம் காலியாக இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிடும். இல்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கும். அவர் முடிந்ததும் அடுத்தவர். உங்கள் பிள்ளையின் முறை வரும்போதும் மேலிருந்து கீழே இதே மாதிரி இறங்கும், முதலில் காலியாகக் கிடைத்ததைக் கொடுத்து நின்றுவிடும்.

ஆக, கிடைக்கவே கிடைக்காது என்று நினைக்கும் இடத்தை முதலில் போடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. அது இல்லை என்றால் அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். மாறாக, "இதுதான் நிச்சயம்" என்று பயந்து ஊர்ப்பக்கத்துத் தனியார் கல்லூரியை முதல் இடத்தில் வைத்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியைப் பத்தாவது இடத்தில் வைத்தால், கோவையில் இடம் காலியாக இருந்தாலும் கணினி அதைப் பார்க்காது. முதல் விருப்பம் கிடைத்துவிட்டதே! ஆசைப்படும் இடம் மேலே, பரவாயில்லை என்பது நடுவே, வேறு வழி இல்லை என்றால் இது என்பது கீழே. பட்டியல் நீளமாக இருக்கட்டும். இருபது முப்பது போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டு, எந்த இடமும் ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. சேரவே மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை மட்டும் போடாதீர்கள்.

எங்கே கிடைக்கும் என்று கணிக்கக் கடந்த ஆண்டு ஒதுக்கீட்டு விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, சாதிப் பிரிவு வாரியாக. அதில் கட்-ஆஃப் மார்க்கை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். ஒரு வருடம் கணிதத் தாள் எளிதாக வந்தால் எல்லோருக்கும் கட்-ஆஃப் ஏறிவிடும். போன வருடம் 180-க்குக் கிடைத்த இடத்துக்கு இந்த வருடம் 180 போதாமல் போகலாம். தரவரிசை எண்ணோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது.

கல்லூரியின் பெயரைவிட எண்ணைக் கவனியுங்கள். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே சாமி பெயரில், ஒரே தலைவர் பெயரில் எத்தனையோ இருக்கின்றன. "இன்ஜினியரிங் காலேஜ்" ஒன்று, "காலேஜ் ஆஃப் இன்ஜினியரிங்" இன்னொன்று, "இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி" மூன்றாவது. ஒன்று கோவையில், இன்னொன்று திருவள்ளூரில். எண்ணையும் மாவட்டத்தையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இந்த வேலைக்கு அம்மாக்கள்தான் சரி. அப்பாக்கள் பாதியில் போன் வந்தது என்று எழுந்துவிடுவார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல இரண்டு நாள்தான் இருக்கும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் போதும் என்றும் சொல்லலாம். அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன் என்றும் வழி உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ள இடம் கிடைத்த நொடியில் பழைய இடம் போய்விடும். பிறகு "பழையதே நல்லா இருந்தது" என்று சொல்ல முடியாது. அதனால்தான் முதல் நாளிலேயே பட்டியல் வரிசை உண்மையான விருப்பமாக இருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். இடம் உறுதியானதும் குறித்த நாளுக்குள் கல்லூரியில் சேராவிட்டால், அது அடுத்தவருக்குப் போய்விடும்.

மருத்துவமும் அதைச் சுற்றியுள்ளவையும்

நீட் எழுதினால் தானாகக் கல்லூரி கிடைத்துவிடும் என்று நினைத்து, மாநில விண்ணப்பத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. நீட் என்பது மதிப்பெண் தரும் தேர்வு, அவ்வளவுதான். 180 கேள்வி, 720 மதிப்பெண், சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதற்கு மத்தியக் கலந்தாய்வுக் குழுவின் தளத்தில் இன்னொரு பதிவு. ஆக, ஒரே தேர்வு, மூன்று விண்ணப்பம்.

பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகியவற்றுக்கும் நீட் தேவை. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்ற படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கே போதும். கால்நடை மருத்துவத்துக்கும் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மார்க்தான், சென்னையில் உள்ள கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் தனிக் கலந்தாய்வு. வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், அதுவும் பிளஸ் டூ மார்க் அடிப்படையில். உயிரியல் எடுத்த பிள்ளை நீட்டில் சறுக்கினால் வீடே இடிந்துபோய் உட்காருகிறது. இந்த வரிசைகளில் முன்கூட்டியே விண்ணப்பித்து வைத்தவர்களுக்கு அப்போதும் கையில் நாலு வழி இருக்கும். நீட் ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் இவற்றில் சிலவற்றின் கடைசித் தேதி போயிருக்கும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகள்

இங்கே செலவு மிகக் குறைவு, நடைமுறையும் எளிது. எல்லா அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் ஒரே இணையதளம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயும், ஆக 50 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. ரிசல்ட் வந்த உடனே தொடங்கி சீக்கிரமே முடிந்துவிடும்.

பொறியியலில் எல்லாம் இணையத்தில் முடிகிறது. இங்கே தரவரிசை வந்த பிறகு கல்லூரிக்கே நேரில் கூப்பிடுவார்கள். எந்தத் தேதியில் எந்த மார்க் வரை என்று கல்லூரி வாசலிலும் அதன் தளத்திலும் ஒட்டுவார்கள். அசல் சான்றிதழோடு அந்த நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. போன் வரும் என்று காத்திருக்காமல் தினமும் தளத்தைப் பாருங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் அந்தந்தக் கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அவற்றில் சில ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பம் தரத் தொடங்கிவிடும். உதவி பெறும் கல்லூரி ஒன்றிலேயே உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும். அதே பி.காம்., அதே கட்டடம், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணம்

கல்லூரி சொல்லும் டியூஷன் ஃபீஸ் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். பேருந்து, விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் எல்லாவற்றையும் சேர்த்து, முதல் வருடத்துக்கு மட்டும் பார்க்காமல் நாலு வருடத்துக்கும் கூட்டுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் கட்டாய நன்கொடை, அதாவது கேப்பிடேஷன் ஃபீஸ். தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தடை செய்யப்பட்டது. இடம் வாங்கித் தருகிறேன் என்று ரிசல்ட் அன்றே போன் செய்யும் ஏஜெண்டுகளுக்கு உங்கள் எண் எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தாலே போதும், அவர்களிடம் அதற்கு மேல் பேச வேண்டியிருக்காது.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். இதற்குக் கல்லூரி மூலம்தான் விண்ணப்பம்.

கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால் கலந்தாய்வு மூலம் கிடைத்த இடத்துக்கு வங்கியில் கேள்வி குறைவு. ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் கட்டண விவரம், பிள்ளை அங்கே படிக்கிறது என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும், ஆனால் வட்டி அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருக்கும். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவாருங்கள்.

இங்கே சேர்ந்துவிட்டு அங்கே இடம் கிடைத்தால்

கலை அறிவியல் சேர்க்கை முன்னால் வரும், பொறியியலும் மருத்துவமும் பின்னால் வரும். அதனால் ஜூனில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டு ஆகஸ்டில் வேறு இடம் கிடைப்பது சகஜம். இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டி.சி.தான். முதல் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் எல்லா அசல் சான்றுகளையும் ஸ்கேன் செய்து, பல நகல்களில் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேரும்போதே, விலகினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதி வரை என்று எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தயங்காமல் அதைச் சுட்டிக்காட்டலாம். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு தனியார் கல்லூரி முழு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்று சொன்னது. எழுத்துமூலம் மனு கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டதும், மறுநாளே டி.சி. வந்தது.

ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கும் அந்த ஆண்டு வீணாக வேண்டியதில்லை. துணைத்தேர்வு சில வாரங்களிலேயே நடக்கும். விண்ணப்பிக்க அவகாசம் குறைவு, பள்ளிக்கு உடனே போங்கள். 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணிலும் கேட்கலாம். தேறியதும் அரசு கலைக் கல்லூரிகளில் மிச்சமிருக்கும் இடங்களுக்குப் போகலாம், பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு. பிளஸ் டூ அறிவியல் அல்லது தொழிற்கல்விப் பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு நேரடிச் சேர்க்கை இருக்கிறது. துணைக் கலந்தாய்வுக்கு மட்டும் ஒன்று நினைவிருக்கட்டும்: மே மாதம் செய்த பதிவு அதற்குச் செல்லாது, அறிவிப்பு வந்ததும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.